சரிபார்க்கும் வரி

என் கணவர் அந்த முறை விடுப்பில் வந்தபோது கொண்டுவந்த பெரிய பெட்டியில் சோப்பும் இல்லை, போர்வையும் இல்லை. காளான் மாதிரி இரண்டு வெள்ளை ஆன்டெனாக்கள், சாம்பல் நிறத்தில் இரண்டு கருவிகள், இரண்டு ரேடியோ மோடம்கள், ஒரு பழைய லேப்டாப், சுருட்டி வைத்த ஒயர்கள். அவருடைய உம்மா, என் மாமி, பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

என் கணவர் வளைகுடாவில் ஒரு அளவைக் கப்பலில் கருவி இயக்குபவராக இருந்தார். கடலடியில் குழாய் பதிக்கிறவர்களுக்குக் கப்பல் எங்கே நிற்கிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பதுதான் வேலை. கப்பலுக்குப் புதுக் கருவிகள் வந்ததும் பழையதைக் கழித்துப் போட்டார்கள். அதைத்தான் வாங்கி வந்திருந்தார். எங்களுக்குக் கல்யாணமாகி நான்கு வருடம். அந்த நான்கு வருடத்தில் நாங்கள் ஒரு கூரையின்கீழ் இருந்த நாட்களை நான் மனதுக்குள் கூட்டி வைத்திருந்தேன். ஐந்து மாதம்கூடத் தேறாது. மேலப்பாளையத்தில் எங்கள் தெருவில் பாதி வீடுகள் அப்படித்தான். அதனால் அதை ஒரு துக்கமாக வெளியே சொல்லக்கூட முடியாது.

வந்த மறுநாள் காலையில் மொட்டை மாடியில் நின்று அவர் சொன்னார்.

"நான் இனிமே போகல. இங்கனயே சர்வே வேல செய்யப்போறேன்."

நான் காயப்போட எடுத்த துணியைக் கையில் வைத்தபடியே நின்றேன்.

"அம்பாசமுத்திரம் பக்கம் அணைய அளக்கணுமாம். உள்ள எவ்வளவு வண்டல் சேந்திருக்குன்னு பாக்கணும். படகுல போய் ஆழம் பாக்கது லேசு. படகு எங்கன நிக்குன்னு தெரியணும்லா, அதுக்குத்தான் இது."

அந்தக் காலத்தில் செயற்கைக்கோளை வைத்து இடம் காட்டும் கருவி நூறு மீட்டர்வரை தப்பாகக் காட்டும். அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே அந்தச் சிக்னலில் பிழையைக் கலந்திருந்தது. அதைச் சரிக்கட்ட ஒரு வழி உண்டு. இடம் துல்லியமாகத் தெரிந்த ஒரு கல்லின்மேல் ஒரு கருவியை நிறுத்திவிட்டால், ஒவ்வொரு செயற்கைக்கோளும் இந்த நிமிடம் எத்தனை மீட்டர் தப்பாகச் சொல்கிறது என்று அது கணக்கிட்டு ரேடியோவில் அனுப்பிக்கொண்டே இருக்கும். படகில் இருக்கும் கருவி அந்தத் திருத்தங்களை வாங்கித் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டால் இரண்டு மூன்று மீட்டருக்குள் இடம் சொல்லிவிடும்.

எங்களிடம் இருந்த இரண்டாவது கருவிக்கு அந்தத் திருத்தத்தை வாங்கத் தெரியவில்லை. அந்த வசதி உள்ளே பூட்டப்பட்டிருந்தது. திறக்க ஒரு சங்கேத எண் வேண்டும். தயாரித்தவர்களுக்கு எழுதிக் கேட்டதற்கு, அந்த மாடலையே நிறுத்திவிட்டோம் என்று பதில் வந்தது. அன்றைக்கு அவர் மாடியில் போய் உட்கார்ந்துவிட்டார். அவருடைய விசாவுக்கு ஒரு விதி இருந்தது. ஆறு மாதத்துக்குமேல் அந்த நாட்டுக்கு வெளியே இருந்தால் அது செத்துவிடும். அதற்குள் கருவி வேலை செய்தால் அவர் இங்கே இருப்பார். இல்லையென்றால் மறுபடி கப்பல், மறுபடி இரண்டு வருடம்.

நான் இயற்பியலில் எம்.எஸ்ஸி. படித்துவிட்டுப் பாளையங்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சி மொழி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். செயற்கைக்கோளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. ஆனாலும் மாடிக்குப் போய்ச் சொன்னேன்.

"ரேடியோவுல வரத லேப்டாப்புல வாங்கி நான் பிரிச்சுக் கணக்குப் போட்டுத் தாரேன். அந்தப் பொட்டி செய்யாட்டா போவுது. புரோகிராம் செய்யும்."

"உன்னால முடியுமா?"

"முடியும்."

அந்த மாதங்களில் நான் உறுதியாகச் சொன்ன பல விஷயங்களைப் போல அதுவும் தெரியாமல் சொன்னதுதான்.

கப்பலில் இருந்த கைப்புத்தகத்திலிருந்து அவர் நாற்பது பக்கம் நகலெடுத்து வந்திருந்தார். திருத்தங்கள் என்ன வடிவத்தில் வரும் என்று அதில் இருந்தது. ஒரு கருவியை எங்கள் மாடியில் குழாய் நட்டு அதன்மேல் ஆன்டெனாவை வைத்து ஓடவிட்டோம். மற்றதை இரண்டு தெரு தள்ளி என் வாப்பா வீட்டு மாடியில் வைத்துக்கொண்டு, லேப்டாப்பை ரேடியோவில் இணைத்தேன். திரையில் எழுத்துகள் ஓடின. பெரிய ஏ, சின்ன எஃப், அடைப்புக்குறி, மறுபடி ஏ. பைத்தியம் பிடித்தவன் தட்டச்சு செய்த மாதிரி ஓடிக்கொண்டே இருந்தது. அதற்குள்ளேதான் எங்கள் வாழ்க்கை இருந்தது.

முதல் மூன்று வாரம் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு எழுத்திலும் ஆறு பிட்தான் விஷயம், மற்ற இரண்டு வெறும் உறை என்பது நகலிலேயே இருந்தது. அந்த ஆறு ஆறு பிட்டுகளை ஒட்டவைத்தால் நீளமான ஒரு சங்கிலி வரும். அதில் ஒவ்வொரு செய்தியும் தொடங்கும் இடத்தில் 01100110 என்ற எட்டு பிட் இருக்க வேண்டும். சங்கிலியில் அது எங்கேயும் ஒழுங்காக வரவில்லை. சாயங்காலம் சென்டரிலிருந்து வந்ததும் லேப்டாப்பைத் திறப்பேன். மாமி சாப்பிடக் கூப்பிடுவார். கணவர் பக்கத்தில் வந்து நின்று, "என்னாச்சு?" என்பார். "பாக்குதேன்" என்பேன். இரண்டு வாரத்துக்குப் பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். கேட்டுக்கொண்டிருந்ததைவிட அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒரு நாள் வகுப்பில் சீரியல் போர்ட் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒயரில் முதலில் வரும் பிட்டைக் கரும்பலகையில் வலது ஓரத்தில் எழுதினேன். இரண்டாவதை அதற்கு இடதுபக்கம். மூன்றாவதை எழுதப் போனவள் சாக்பீஸைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டேன். முதலில் வருவதைக் கம்ப்யூட்டர் கடைசியில் வைக்கிறது. அனுப்புகிறவன் முதலில் அனுப்புவதோ முதலில் வாசிக்க வேண்டியதை. ஒவ்வொரு எழுத்தும் எனக்கு முன்பின்னாக வந்துகொண்டிருக்கிறது. தலைவலி என்று சொல்லி வகுப்பை முடித்துவிட்டு, சந்தை முக்கிலிருந்து ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடினேன். ஆறு பிட்டையும் திருப்பிப் போட்டேன். 01100110 வந்தது. கொஞ்சம் தள்ளி மறுபடி வந்தது.

அன்றைக்கு அவர் என் தலையில் கைவைத்து எதையோ ஓதி ஊதினார். இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு ஒரு வாரம்கூடத் தங்கவில்லை.

முப்பது பிட் சேர்ந்தது ஒரு சொல். அதில் இருபத்து நான்கு பிட் விஷயம், கடைசி ஆறு பிட் காவல். வந்த இருபத்து நான்கும் வழியில் கெடாமல் வந்திருக்கிறதா என்று அந்த ஆறைவைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். அதற்கான சமன்பாடுகள் நகலில் இருந்தன. எழுதினேன். பத்துச் சொல் வந்தால் மூன்று தேறும், ஏழு தேறாது. தேறாத சொல்லைத் தூக்கிப் போட வேண்டும். ஒரு சொல் போனால் அந்தச் செய்தி முழுக்கப் பாழ். செய்தியின் தலைப்பே பல தடவை கிடைக்காது. கடைசியில் எனக்கு ஒரு திருத்தமும் முழுசாக மிஞ்சவில்லை.

ரேடியோவில் இரைச்சல் என்று நினைத்தேன். ஒயரை மாற்றினேன். இரண்டு கருவிகளையும் ஒரே அறையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அப்போதும் பத்துக்கு மூன்று. சமன்பாடுகளைத் திரும்பத் திரும்ப எழுதினேன். பாதியில் கரண்ட் போகும். லேப்டாப் பேட்டரி செத்துப்போயிருந்ததால் கரண்ட் போனால் எல்லாம் போய்விடும். இருட்டிய திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

கம்பெனியிலிருந்து தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் வந்தது. கப்பல் கிளம்பும் தேதி குறித்தாகிவிட்டது. திருவனந்தபுரத்திலிருந்து அவருக்கு விமான டிக்கெட்டும் போட்டிருந்தார்கள். மாமி அரிசி மாவு வறுக்க ஆரம்பித்தார், மகனுக்குக் கொடுத்துவிட. வறுக்கும் வாசனை வீடெல்லாம் நின்றது.

"எம்புள்ள ஒரு நல்ல வேலயில இருக்கான்," என்று மாமி என்னைப் பார்க்காமல் சொன்னார். "அவன இங்கன புடிச்சுவச்சு நீ என்னத்தக் காணப்போற?"

பயணத்துக்கு எட்டு நாள் இருந்தது.

மறுநாள் காலை அவர் குளிக்கப் போயிருந்தபோது நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். புரோகிராமில் சரிபார்க்கும் வரி ஒன்றே ஒன்றுதான். காவல் பிட் பொருந்தாவிட்டால் சொல்லைத் தள்ளு என்று சொல்லும் வரி. அதன் முன்னும் பின்னும் குறி போட்டு அதை இல்லாமல் ஆக்கினேன். ஓட்டினேன். திரை நிறைந்தது. செயற்கைக்கோளின் எண், அதன் பக்கத்தில் மீட்டரில் திருத்தம். மைனஸ் நாற்பத்தொன்று, பதினெட்டு, மைனஸ் முப்பத்தாறு. நடுவில் எங்கிருந்தோ ஆறாயிரம் என்று ஒன்று வரும். பெரிய எண் வந்தால் காட்டாதே என்று இன்னொரு வரி சேர்த்தேன். இப்போது பார்க்க அழகாக இருந்தது. அதில் எது நிஜம், எது குப்பை என்று எனக்கே தெரியாது.

அவர் ஈரத்தலையோடு வந்தார்.

"வந்துட்டு," என்றேன்.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். எண்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"அங்கங்க குதிக்கே," என்றார்.

"ரேடியோ இரைச்சல். அணைப் பக்கம் வெட்டவெளில்லா, அங்கன போனா அடங்கிரும்."

மறுபடியும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். "சரி," என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போய் டிக்கெட்டை ரத்துசெய்துவிட்டு வந்தார்.

மாமி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. வறுத்த மாவு டப்பாவிலேயே இருந்தது. ஆறு மாதம் முடிந்த தேதி ஒரு வெள்ளிக்கிழமை. அவர் ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து சாப்பிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் படுத்திருந்தார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். இந்த மனிதனின் பிழைப்பை நான் ஒரு வரியில் அழித்திருக்கிறேன் என்பது மட்டும் நினைவில் ஓடிக்கொண்டிருந்தது.

அணையில் ஒத்திகைக்குப் பொதுப்பணித் துறையினர் அந்த வெள்ளியிலிருந்து மூன்று வாரம் கழித்து நாள் குறித்தார்கள். அந்த மூன்று வாரம் போல நான் பின்னால் எப்போதும் வாழ்ந்ததில்லை. அவர் முன்னால் வேலை முடிந்துவிட்டது போல நடக்க வேண்டும். அவர் வெளியே போனதும் குறியை எடுத்துவிட்டு, தேறாத சொற்களோடு மல்லுக்கட்ட வேண்டும். கப்பலில் இருந்த அவருடைய சிநேகிதனுக்கு எழுதி, கைப்புத்தகத்தை மறுபடி நகலெடுத்து அனுப்பச் சொல்லலாம். ஆனால் எதற்கு என்று அவர் கேட்பார். சமன்பாடுகளை அவரோடு உட்கார்ந்து ஒரு முறை சரிபார்க்கலாம். அதற்கும் அதே கேள்விதான். பொய் சொன்னதால் எனக்கு இருந்த ஒரே துணையையும் இழந்திருந்தேன். சென்டரில் கரும்பலகையைப் பார்த்தால் கண்ணைக் கட்டும். சோறு இறங்காது. ஒரு நாள் மதியம் லுஹர் தொழுகையில் ஸுஜூதில் நெற்றியைத் தரையில் வைத்தவள், எழ மனமில்லாமல் அப்படியே கிடந்தேன். பொய்யை மெய்யாக்கிக் கொடு என்று எப்படித் துஆ கேட்பது?

ஒத்திகை நாள் வந்தது. காலை பஸ்ஸில் அம்பாசமுத்திரம், அங்கிருந்து வாடகை ஜீப்பில் சாமான்களோடு அணை. மழைக்காலம் முடிந்து தண்ணீர் விளிம்புவரை நின்றது. மலை தண்ணீரில் கவிழ்ந்து கிடந்தது. துறையின் உதவிப் பொறியாளர் படகோடு காத்திருந்தார். களக்காட்டுக்காரர், ஐம்பது வயது இருக்கும், வெயிலில் கறுத்த முகம். கரையிலிருந்த அளவைக்கல்லில் ஒரு கருவியை நிறுத்தினோம். அக்கரையில் இன்னொரு அளவைக்கல் இருந்தது. அதன் இடமும் அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். படகுக் கருவியை அதன்மேல் வைத்தால் எங்கள் லேப்டாப் அந்த இடத்தைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை.

படகில் அக்கரைக்குப் போனதும், மேலே போர்த்தியிருந்த துப்பட்டியை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, நான் அந்தக் கல்லின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து லேப்டாப்பை ஒரு கார் பேட்டரியில் மாட்டிப் புரோகிராமை ஓட்டினேன். புள்ளி முதலில் கல்லிலிருந்து அறுபது மீட்டர் தள்ளி விழுந்தது. பிறகு இருநூறு மீட்டர். பிறகு தண்ணீரின் நடுவே. பொறியாளர் தம் தாளில் இருந்த எண்ணையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். புள்ளி திடீரென்று மேற்கே பாய்ந்து மலைக்குள் போய் நின்றது.

"என்ன பாய்," என்றார் அவர். "நாம இங்கன நிக்கோம். உங்க மிஷின் மாஞ்சோலை எஸ்டேட்டுக்கு டீ குடிக்கப் போயிட்டே!"

கூட இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். என் கணவர் சிரிக்கவில்லை. நான் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் அழுதுவிடுவேன்.

பொறியாளர் கெட்டவர் இல்லை. சிரிப்பு அடங்கியதும் என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "கஷ்டப்பட்டிருக்கீக, தெரியுது. ஆனா தண்ணி எறங்க ஆரம்பிச்சாச்சுன்னா படகு ஓரத்துக்குப் போவாது, அளக்க முடியாது. அடுத்த வியாழக்கிழம ஒரு தடவ பாப்போம். அதுக்குமேல என்னால நிறுத்திவைக்க முடியாதும்மா. மெட்ராஸ்லருந்து ஆள் வரச்சொல்லி எழுதிருவாக."

ஜீப் எங்களை அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டது. பெட்டிகளைச் சுற்றி வைத்துக்கொண்டு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். திருநெல்வேலி பஸ்ஸுக்கு அரை மணி இருந்தது. எனக்கு அதற்குமேல் முடியவில்லை.

"ஏங்க, நான் பொய் சொன்னேன். அது வேலையே செய்யல. தப்பான சொல்லத் தள்ளுத வரிய எடுத்துட்டுத்தான் உங்ககிட்ட காட்டுனேன். நீங்க போயிரக்கூடாதுன்னு காட்டுனேன்."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். ஆறு வருசமா கப்பல்ல அந்த நம்பரத்தான பாத்துக்கிட்டிருந்தேன். நெசத் திருத்தம் பைய பையத்தான் மாறும். நாப்பத்தொண்ணு, நாப்பத்தொண்ணு, நாப்பத்திரண்டுன்னு போவும். உன் நம்பர் தவ்விக்கிட்டுக் கெடந்திச்சு. பாத்ததுமே தெரிஞ்சுட்டு."

"தெரிஞ்சுமா டிக்கெட்ட ரத்து பண்ணுனீங்க?"

"எனக்கும் போக மனசில்ல. அத உம்மாகிட்ட என்னன்னு சொல்ல? வேலைய விட்டுட்டேன்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. நீ 'வந்துட்டு'ன்னு சொன்ன. நம்புன மாதிரி இருந்துட்டேன்."

அவர் என்மேல் கோபப்படுவார், திட்டுவார், பேசாமல் இருப்பார் என்றெல்லாம் மூன்று வாரமாக நினைத்து நடுங்கியிருந்தேன். இதை நினைத்ததே இல்லை. எனக்கு வந்தது நிம்மதி அல்ல, ஆத்திரம். நான் சோறு தண்ணி இல்லாமல் கிடந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார். மாமியின் பேச்சையெல்லாம் நான் வாங்கிக்கொண்டபோது, எல்லாம் தெரிந்தும் வாய் திறக்கவில்லை. நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யின் நிழலில் அவர் உட்கார்ந்துகொண்டார். பஸ்ஸில் சேரன்மகாதேவி தாண்டி, மேலப்பாளையம் வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தேன். வயல்களில் பிசானப் பருவத்து நெல் பச்சையாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தே இருந்தார்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவிய பிறகுதான் பேசினேன்.

"அடுத்த வியாழனுக்கு ஆறு நாள் இருக்கு. நீங்க என்கூட உக்காரணும். எந்திரிக்கக் கூடாது."

"உக்காருதேன்," என்றார்.

சென்டருக்கு விடுப்பு சொன்னேன். சென்டரின் பிரிண்டரில் சங்கிலி முழுவதையும் ஓட்டைபோட்ட காகிதத்தில் அச்சடித்து வந்து, கூடத்துத் தரையில் விரித்தோம். சுவரிலிருந்து சுவர்வரை சைபரும் ஒன்றும். அவர் ஒவ்வொரு பிட்டாக வாசிக்க, நான் நோட்டில் முப்பது முப்பதாகக் கட்டம் போட்டு எழுதிக் கையாலேயே கணக்குப் பார்த்தேன். முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் ஒன்றும் இல்லை. மாமி எங்களைத் தாண்டித் தாண்டிப் போனார். மூன்றாம் நாள் காலையில் அவர் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டே இருந்தபோது எனக்குத் தூக்கம் வந்தது. எழுதாமல் கேட்க மட்டும் செய்தேன்.

"சைபர் ஒண்ணு ஒண்ணு சைபர், சைபர் ஒண்ணு ஒண்ணு சைபர்," என்று ஒரு செய்தி தொடங்கியது. அதன் நீளம் தலைப்பிலேயே இருக்கும். அந்த நீளம் முடிந்த இடத்தில் அடுத்த செய்தி தொடங்க வேண்டும். அவர் அந்த இடத்துக்கு வந்து அதே குரலில் வாசித்தார்.

"ஒண்ணு சைபர் சைபர் ஒண்ணு, ஒண்ணு சைபர் சைபர் ஒண்ணு."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"மறுபடி வாசிங்க."

வாசித்தார். அதே தாளம்தான். சைபர் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றும், ஒன்று இருக்கவேண்டிய இடத்தில் சைபரும். இத்தனை நாள் இரைச்சலில் போய்விட்டது என்று நான் தள்ளிய தலைப்பு அங்கேயேதான் இருந்திருக்கிறது, எல்லாம் மாறிப்போய்.

"அதுக்கு முன்னால உள்ள பிட் என்ன?"

"ஒண்ணு."

"நல்லா வந்த செய்திக்கு முன்னால?"

தாளில் விரலை ஓட்டினார். "சைபர்."

அடுத்ததைப் பார்க்கச் சொன்னேன். அதற்கடுத்ததை. இருபது இடம் பார்த்தோம். முந்தைய சொல் ஒன்று என்ற பிட்டில் முடிந்தால் அடுத்த சொல்லின் விஷயம் முழுவதும் மாறி வந்தது. சைபரில் முடிந்தால் நேராக வந்தது. ஒரு இடத்திலும் தப்பவில்லை. நகலை எடுத்துப் பார்த்தேன். சமன்பாடுகளில் இரண்டு எழுத்துகளின் தலையில் சின்ன நட்சத்திரக் குறி இருந்தது. அதை நகல் இயந்திரத்தின் அழுக்கு என்றே எண்ணியிருந்தேன். அது முந்தைய சொல்லின் கடைசி இரண்டு பிட்டைக் குறிக்கிறது என்று பக்கத்தின் அடியில் எழுதியிருந்திருக்க வேண்டும். எங்கள் நகலில் அடிவரி வெட்டுப்பட்டிருந்தது. கப்பலில் அவசரமாக நகலெடுத்தபோது தாள் கோணலாகப் போயிருக்கிறது. நாலரை மாதம் என்னைக் கொன்றது அந்த ஒரு வரிதான்.

புரோகிராமில் மாற்றியது மூன்று வரி. சரிபார்க்கும் வரியின்மேல் இருந்த குறியை எடுத்தேன். ஓட்டினேன். பத்துக்குப் பத்தும் தேறின. நூறு வந்தபோதும் நூறும் தேறின. திருத்தங்கள் பைய பைய நகர்ந்தன. மைனஸ் முப்பத்தேழு, மைனஸ் முப்பத்தேழு, மைனஸ் முப்பத்தெட்டு. அவர் என் பின்னால் நின்று பார்த்தார். நான் திரும்பவில்லை.

"இதுதான்," என்றார். "இதுதான் நெசம்."

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வியாழன்வரை பயம்தான் இருந்தது. ஒரு முறை பொய்யாக நிறைந்த திரையைப் பார்த்த கண், நிஜமாக நிறைந்ததையும் நம்பவில்லை.

வியாழக்கிழமை அக்கரைக் கல்லில் புள்ளி இரண்டு மீட்டருக்குள் விழுந்து அங்கேயே நின்றது. பொறியாளர் பத்து நிமிடம் காத்திருந்தார். பிறகு ஆன்டெனாவை எடுத்து இருபது அடி தள்ளி வைக்கச் சொன்னார். புள்ளியும் இருபது அடி நகர்ந்தது. மறுபடி கல்லுக்குக் கொண்டுவரச் சொன்னார். திரும்பி வந்தது. "சரி வே பாய், நாளைக்கே ஆரம்பிங்க," என்று என் கணவரிடம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

பதின்மூன்று நாள் அணையை அளந்தோம். அவர் படகை ஓட்ட, நான் குடையின்கீழ் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தண்ணீர் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. நாங்கள் அதற்கு முன்னால் ஓடினோம். படகில் தேவையானதை மட்டும் பேசிக்கொண்டோம். நான்கு வருடம் எதற்காக ஏங்கினேனோ அது நடந்துகொண்டிருந்தது. நாள் முழுக்க அவர் எனக்கு நான்கு அடி தூரத்தில் இருந்தார். ஆனால் அந்த சிமெண்ட் பெஞ்சில் கேட்டதை என்னால் இறக்கிவைக்க முடியவில்லை. எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ அவர் மோட்டாரை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"ஏட்டி, எவ்வளவு நாளைக்கு இப்படி? திட்டுததுன்னா திட்டிரு."

"நீங்க ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் தனியா கெடந்து சாவாம இருந்திருப்பேன்."

"நீயும் ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா."

படகு மெதுவாகச் சுற்றியது. மலைப்பாதையில் பஸ் ஒன்று ஏறும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் நான்தான், "மோட்டார எடுங்க, அளக்குத கோடு தப்புது," என்றேன்.

அணை வேலை ஒழுங்காக முடிந்தது. அடுத்த அணை வரும், அடுத்த குளம் வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. அடுத்த வருடம் மெட்ராஸிலிருந்து ஒரு கம்பெனி எல்லாம் ஒரே பெட்டியில் அடங்கிய புதுக் கருவியோடு வந்தது. திருத்தத்தை அதுவே வாங்கிக்கொண்டது. லேப்டாப்பும் வேண்டாம், நானும் வேண்டாம். அவர் ஆழ்வார்குறிச்சி பக்கம் தோட்டங்களை அளந்து கொடுத்தார். அளவைச் சங்கிலியைப் பிடித்து அளக்கிறவரே போதும் என்று அங்கும் நிறுத்திவிட்டார்கள். அதற்குள் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. அவர் மாதக்கணக்கில் மாடியில் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்தேன். இந்த முறை என்னால் எழுதிச் சரிசெய்ய எதுவும் இல்லை.

கடைசியில் வேறொரு நாட்டுக்கு விசா எடுத்தார். கப்பல் வேலை இல்லை, ஒரு கிட்டங்கியில் சரக்கு எடுத்துக்கொடுக்கும் வேலை. பழைய வேலைக்கு ஆள் எடுக்கவில்லை என்று எழுதிவிட்டார்கள். அந்த டிக்கெட்டை ரத்துசெய்த பிறகு மொத்தம் ஒரு வருடமும் ஏழு மாதமும் அவர் என்னோடு இருந்தார். நான் அந்த வரியை எடுத்ததால் கிடைத்தது அது. அதே காரியத்தால்தான் அவர் கருவி இயக்குபவராக இல்லாமல் மூட்டை எண்ணுகிறவராகப் போனார். எது பெரிது என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவரிடம் கேட்டதும் இல்லை.

அவர் கிளம்பிய காலையில் திருவனந்தபுரம் போகும் வேன் வாசலில் நின்றது. மாமி மாவு டப்பாவை வேனுக்குள் வைத்தார். என் கணவர் பிள்ளையைத் தூக்கி முத்தம் கொடுத்துவிட்டு என்னிடம் தந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். தெருவே நின்று பார்த்துக்கொண்டிருந்ததால், "பாத்துக்க," என்றதோடு நிறுத்திக்கொண்டார். நானும் தலையை மட்டும் ஆட்டினேன். வேன் முனையில் திரும்பியது. பிள்ளை வெயிலில் சிணுங்க ஆரம்பித்தாள். உள்ளே தூக்கிக்கொண்டு போய்ப் பால் ஆற்றினேன்.